நீஸ் நகருக்கு முதல் முறை செல்வோர் கேட்கும் கேள்விகள்

பிரான்ஸின் தென்கிழக்கு மூலையில், மத்தியதரைக் கடலோரம் உள்ள நீஸ் நகரில் நான் ஏழு ஆண்டுகள் வசித்தேன். உறவினர்கள், நண்பர்கள், நண்பர்களின் நண்பர்கள் என்று யாராவது ஒருவர் பயணத்துக்கு முன் தொலைபேசியில் அழைத்துச் சந்தேகம் கேட்பார்கள். நான் ஊர் மாறி வந்த பிறகும் அந்த அழைப்புகள் நிற்கவில்லை. கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கட்டணங்கள் அடிக்கடி மாறுகின்றன என்பதால் தொகைகளைக் கூடியவரை தவிர்த்துவிட்டேன்.

நீஸ் பிரான்ஸில் இருக்கிறதா, இத்தாலியிலா? படங்களைப் பார்த்தால் இத்தாலி போலவே இருக்கிறதே?

பிரான்ஸில்தான் இருக்கிறது. ஆனால் 1860 வரை இந்த ஊர் சவாய் அரச மரபினர் ஆண்ட சார்டீனிய அரசுக்கு உட்பட்டிருந்தது. அந்த ஆண்டு கையெழுத்தான தூரின் ஒப்பந்தத்தின் மூலம்தான் பிரான்ஸுடன் இணைந்தது. இத்தாலியை ஒன்றுபடுத்தப் போரிட்ட கரிபால்டி 1807இல் பிறந்ததும் இதே ஊரில்தான்; அவர் பெயரில் ஒரு சதுக்கமும் சிலையும் இருக்கின்றன. இத்தாலிய எல்லை இங்கிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். காவியும் மஞ்சளும் பூசிய சுவர்கள், பச்சை நிறப் பலகைச் சன்னல்கள், குறுகிய சந்துகளில் மாடிக்கு மாடி தொங்கும் துணிகள் ஆகியவற்றைப் பார்த்து இத்தாலி என்று நினைத்தால் அதில் தவறில்லை.

பழைய நகரத்தின் தெருப் பலகைகளில் பிரெஞ்சுப் பெயருடன் இன்னொரு பெயரும் எழுதியிருக்கும். அது இத்தாலியன் அல்ல; 'நிஸார்' எனப்படும் இவ்வூரின் சொந்த மொழி. இன்று அதை வீட்டில் பேசுவோர் குறைவு என்றாலும், ஊர்க்காரர்கள் அதன்மீது வைத்திருக்கும் பற்று பெரியது.

எந்த மாதத்தில் போனால் நல்லது?

மே, ஜூன், செப்டம்பர் ஆகிய மூன்று மாதங்களைச் சொல்வேன். ஜூலையிலும் ஆகஸ்டிலும் வெயிலைவிடக் கூட்டம்தான் சிரமம். ஐரோப்பா முழுவதும் விடுமுறையில் இருக்கும் காலம் அது. கடலில் குளிப்பதே உங்கள் முக்கிய ஆசை என்றால், மே மாதத்தில் நீர் இன்னும் குளிர்ந்தே இருக்கும். செப்டம்பரில் கோடையின் வெப்பம் நீரில் தங்கியிருக்கும், கூட்டமும் கலைந்திருக்கும். அக்டோபர், நவம்பர் மாதங்களில் சில நாட்கள் கொட்டித் தீர்க்கும் மழை உண்டு.

குளிர்காலத்தை நம்மவர்கள் யோசிப்பதே இல்லை. உண்மையில் நீஸ் குளிர்காலத்துக்காகவே வளர்ந்த ஊர். பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து ஆங்கிலேயப் பிரபுக்களும், பிறகு ரஷ்யப் பிரபுக்களும் தங்கள் நாட்டுப் பனியிலிருந்து தப்பி இங்கே வந்து மாதக்கணக்கில் தங்கினார்கள். கோடையில் கடற்கரைக்கு வரும் பழக்கம் பரவியது முதல் உலகப் போருக்குப் பின்புதான். 2021இல் யுனெஸ்கோ இந்நகரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோதும் 'ரிவியேராவின் குளிர்கால ஓய்வு நகரம்' என்றே சேர்த்தது; ரிவியேரா என்பது இந்தக் கடலோரப் பகுதியின் பெயர். பிப்ரவரியில் நடக்கும் கார்னிவல் திருவிழா அந்தக் காலத்தின் தொடர்ச்சி. இப்போதுள்ள வடிவில் அது 1873இல் தொடங்கியது. அலங்கார வண்டிகளிலிருந்து மஞ்சள் மிமோசாப் பூக்களைக் கூட்டத்தை நோக்கி வீசும் நாளில் ஒரு கொத்து என் மடியில் வந்து விழுந்தது. அந்த மணம் இரண்டு நாட்கள் வீட்டில் இருந்தது.

விசா விவரம் சொல்லுங்கள்.

இந்தியக் கடவுச்சீட்டும் இலங்கைக் கடவுச்சீட்டும் வைத்திருப்போருக்கு, பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். 180 நாட்களில் அதிகபட்சம் 90 நாட்கள் தங்கலாம். குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு கட்டாயம். விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம். கோடைக்காலப் பயணம் என்றால் நேர ஒதுக்கீடு கிடைப்பதே கடினம் என்பதால், மூன்று மாதத்துக்கு முன்பாவது தொடங்கிவிடுங்கள்.

விமான நிலையத்திலிருந்து டாக்சிதான் பிடிக்க வேண்டுமா?

தேவையில்லை. விமான நிலையம் கடலோரமாகவே, நகர மையத்திலிருந்து சுமார் 7 கிலோமீட்டரில் இருக்கிறது. இரண்டு முனையங்களின் வாசலிலிருந்தும் இரண்டாம் எண் டிராம் புறப்பட்டு, நகரத்தின் நடுவே தரைக்கடியில் சென்று, துறைமுகம் வரை போகிறது. கடைவீதிப் பக்கம் தங்குபவர்கள் ழான் மெத்சான் நிறுத்தத்திலும், பழைய நகரத்தில் தங்குபவர்கள் கரிபால்டி நிறுத்தத்திலும் இறங்கலாம். பயணச்சீட்டை ஏறியவுடன் வண்டிக்குள் உள்ள கருவியில் காட்டிப் பதிவு செய்ய வேண்டும். சீட்டு வாங்கியிருந்தாலும் பதிவு செய்யாமல் பரிசோதகரிடம் அகப்பட்டால் அபராதம்தான். முதியவர்களும் பெரிய பெட்டிகளும் உடன் இருந்தால் டாக்சி எடுங்கள். நகர மையத்துக்கு அரசே நிர்ணயித்த ஒரே கட்டணம் இருக்கிறது, ஏறும் முன் அதை உறுதி செய்துகொண்டால் போதும்.

எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்? எந்தப் பகுதியில் அறை எடுக்கலாம்?

நான்கு இரவுகள் என்று எப்போதும் சொல்வேன். பலரும் இரண்டு இரவு தங்கி, ஒரு நாளை அருகிலுள்ள மொனாக்கோவுக்கும் மறுநாளை கான் நகருக்கும் கொடுத்துவிட்டு, நீஸை இருட்டிய பிறகு மட்டும் பார்த்துத் திரும்புகிறார்கள். இந்த ஊரின் அழகு காலை நேரத்தில் இருக்கிறது. இரண்டு காலைப் பொழுதுகளையாவது நீஸுக்கே கொடுங்கள் என்பதுதான் இத்தனை ஆண்டுகளில் நான் எல்லோரிடமும் வைத்த ஒரே வேண்டுகோள்.

பழைய நகரத்துக்குள் தங்குவது இனிமையானது. ஆனால் அங்குள்ள பல கட்டடங்களில் மின்தூக்கி கிடையாது, கார் உள்ளே வராது, கோடை இரவுகளில் சந்துகளின் பேச்சுச் சத்தம் நள்ளிரவைத் தாண்டும். குடும்பத்துடன் வருபவர்களுக்கு, ரயில் நிலையத்துக்கும் கடலுக்கும் இடையில் உள்ள 'இசைக் கலைஞர்கள்' பகுதி வசதியானது. தெருக்களுக்கு மொசார்ட், வெர்டி, ரோசினி என்று பெயர். துறைமுகப் பக்கம் அமைதியாக இருக்கும்.

கடற்கரையில் மணலே இல்லையாமே? பிறகு எதற்கு அங்கே போவது?

மணல் இல்லை என்பது உண்மை. கரை முழுவதும் உள்ளங்கை அளவு, முட்டை அளவு, அதைவிடச் சிறியது என்று சாம்பலும் வெள்ளையும் கலந்த கூழாங்கற்கள். ஆல்ப்ஸ் மலையிலிருந்து வார் ஆறும் பையோன் ஆறும் உருட்டிக்கொண்டுவந்த கற்கள் இவை. மெரினாவையோ காரைக்காலையோ மனத்தில் வைத்துக்கொண்டு வருபவர்களுக்கு முதல் பார்வையில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். என் சித்தி வெறுங்காலோடு நான்கடி நடந்துவிட்டு, 'இதற்கா இவ்வளவு தூரம் அழைத்து வந்தாய்' என்று கேட்டார். அன்று மாலை, அதே கற்களின்மேல் ஒரு தடித்த விரிப்பைப் போட்டு அவரை உட்கார வைத்தேன். அலை வரும்போது சத்தம் குறைவு. திரும்பிப் போகும்போதுதான் ஆயிரக்கணக்கான கற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருண்டு, பெரிய சல்லடையில் எதையோ சலிப்பது போன்ற ஓர் ஓசை எழும். அதைக் கேட்டுக்கொண்டே இருட்டும் வரை உட்கார்ந்திருந்தார்.

மணல் இல்லாததால்தான் இங்கே நீர் கலங்குவதில்லை. கடலின் அந்த நீலம் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் மூன்று செய்திகளை மறக்கக் கூடாது. முதலாவது, ரப்பர் அடியுள்ள கடற்கரைக் காலணி வாங்கிக்கொள்ளுங்கள். அங்குள்ள கடைகளிலேயே மலிவாகக் கிடைக்கும். இரண்டாவது, கரை சரிவாக இறங்குவதால் சில அடிகளிலேயே கழுத்தளவு ஆழம் வந்துவிடும். காற்று பலமாக வீசும் நாட்களில் திரும்பும் அலை காலுக்கடியில் உள்ள கற்களை உருவிவிடும் என்பதால், நீச்சல் தெரியாதவர்களும் குழந்தைகளும் அன்று இறங்கவே வேண்டாம். பச்சை, மஞ்சள், சிவப்புக் கொடிகளைப் பார்த்து நடந்துகொள்ளுங்கள். மூன்றாவது, கோடையில் சில நாட்கள் ஊதா நிறச் சொறி மீன்கள் கரையோரம் வரும். பட்டால் கடுமையாக எரியும். நீரில் யாரும் இல்லை என்றால் காரணம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

மணல்தான் வேண்டும் என்று குழந்தைகள் அடம்பிடித்தால், ரயிலில் பத்து நிமிடத்துக்குள் வரும் வில்ஃப்ரான்ஷுக்குப் போகலாம். அங்கே பருமணல், அலை குறைந்த விரிகுடா, ஆழமும் மெல்லத்தான் கூடும்.

தனியார் கடற்கரை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். காசு கொடுத்தால்தான் கடலில் இறங்க முடியுமா?

இல்லை. சாய்வு நாற்காலியும் குடையும் உணவும் தருகிற பகுதிகளுக்குத்தான் கட்டணம். அவற்றுக்கு இடையிடையே பொதுக் கடற்கரைகள் இருக்கின்றன. அங்கே குளியல் நீர்த்தாரைகளும் உண்டு, கட்டணம் இல்லை.

குடும்பத்தோடு போகிறோம். உடை விஷயத்தில் சங்கடம் இருக்குமா?

கடற்கரையில் சுடிதாரோடு உட்கார்ந்திருந்தாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மேலாடை இன்றி வெயில் காயும் பெண்களையும் அதே போல் யாரும் பார்ப்பதில்லை. அடுத்தவரை உற்றுப் பார்ப்பதும் படம் எடுப்பதும்தான் அங்கே அநாகரிகம். கைபேசியைக் கடலை நோக்கித் திருப்பும்போதும் முன்னால் யார் இருக்கிறார்கள் என்று கவனியுங்கள். கரையை விட்டுத் தெருவுக்கு வந்துவிட்டால் நீச்சல் உடையோடு கடைக்குள் நுழைவது தவறு. தேவாலயங்களுக்குள் தோளும் முழங்காலும் மறைந்திருப்பது நல்லது. ரஷ்யப் பேராலயத்தில் இதைக் கண்டிப்பாகவே எதிர்பார்ப்பார்கள்.

முதல் நாள் காலையில் எங்கே போகட்டும்?

கூர் சலேயா சந்தைக்கு, எட்டரை மணிக்குள். பழைய நகரத்தின் கடல் பக்க விளிம்பில், கோடு போட்ட துணிக் கூரைகளின் கீழே ஒரு புறம் பூக்கள், மறு புறம் காய்கறி, பழம், ஆலிவ், பாலாடைக்கட்டி, லாவண்டர் பைகள். பூவோடு சேர்த்தே விற்கப்படும் இளம் சீமைச் சுரைக்காய்களைப் பாருங்கள். அந்தப் பூவை மாவில் தோய்த்துப் பொரித்துத் தருவார்கள், நம் பஜ்ஜியின் தங்கை போல இருக்கும். மதியம் ஒன்றரைக்குக் காய்கறிக் கடைகளைக் கட்டத் தொடங்கிவிடுவார்கள். திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள். அன்று காயும் பூவும் இருக்காது, பழம்பொருள் சந்தைதான் நடக்கும். நான் முதன்முதலில் போனதே ஒரு திங்கட்கிழமைதான். பழைய கரண்டிகளையும் கடிகாரங்களையும் பார்த்துவிட்டுத் திரும்பி, மறுநாள் மீண்டும் போனேன்.

அங்கிருந்து எந்தச் சந்தில் நுழைந்தாலும் பழைய நகரத்துக்குள் இருப்பீர்கள். வரைபடத்தை மடித்து வைத்துவிட்டு நடங்கள். சின்ன ஊர், தொலைந்து போக முடியாது. ரொசெட்டி சதுக்கத்தில் புனித ரெபராத்தாவின் பேராலயம் இருக்கிறது. அவரது உடலைத் தாங்கிய படகை வானதூதர்கள் இந்தக் கரைக்கு வழிநடத்தி வந்தார்கள் என்பது ஐதிகம். இந்த விரிகுடாவுக்கு 'வானதூதர் விரிகுடா' என்று பெயர் வந்ததற்கு ஊரார் சொல்லும் கதைகளில் அதுவும் ஒன்று.

நாங்கள் சுத்த சைவம். பட்டினி கிடக்க நேருமா?

நேராது, மத்தியதரைக் கடலோர ஊர்களில் சைவர்களுக்கு நீஸ் நல்ல ஊர். காரணம் 'சொக்கா'. நாம் சட்டைக்குச் சொல்லும் அதே ஒலிதான். கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, வேறொன்றும் இல்லை. ஒரு முழத்துக்கு மேல் அகலமுள்ள செம்புத் தட்டில் மாவை ஊற்றி விறகு அடுப்புக்குள் தள்ளுவார்கள். சில நிமிடங்களில் மேற்புறம் ஆங்காங்கே கருகி, ஓரம் மொறுமொறுவென்றும் நடுப்பகுதி அல்வா போல மென்மையாகவும் வெளியே வரும். அதைச் சுரண்டி, துண்டு துண்டாகக் காகிதத்தில் போட்டு, மிளகுத்தூளைத் தாராளமாகத் தூவித் தருவார்கள். சூட்டோடு, கையால்தான் சாப்பிட வேண்டும். ஆறிவிட்டால் சுவை போய்விடும். கடையில் தட்டு காலியாக இருந்தால், அடுத்தது வேகும் வரை வரிசையில் நில்லுங்கள்.

ராத்ததூய் எனப்படும் கத்தரிக்காய், சீமைச் சுரைக்காய், தக்காளிக் கூட்டும் சைவம்தான். 'தூர்த் த ப்ளெத்' என்பது கீரை, உலர்திராட்சை, பைன் கொட்டை சேர்த்த இனிப்புப் பணியாரம். கீரையில் இனிப்பா என்று தயங்க வேண்டாம், ஆனால் முட்டை இருக்கும். ஏமாற்றுவது இவை: வெங்காயம் பரப்பிய பிஸ்ஸலாதியேர் பார்க்கச் சைவம் போலிருக்கும், நெத்திலி மீன் இல்லாமல் செய்ய மாட்டார்கள், நீஸ் சாலட்டிலும் பான் பன்யா என்ற ரொட்டியிலும் நெத்திலியோ சூரை மீனோ முட்டையோ உண்டு, காய்களுக்குள் திணித்து வேகவைக்கும் 'ஃபார்சி'யில் இறைச்சி இருக்கும். 'சான் வியாந்த், சான் புவாசோன்' என்று சொல்லுங்கள். இறைச்சியும் மீனும் வேண்டாம் என்று பொருள். பெரும்பாலான உணவகங்களில் மதியம் இரண்டு மணிக்கு மேல் அடுப்பை அணைத்துவிட்டு இரவு ஏழுக்குத்தான் மீண்டும் ஏற்றுவார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கோட்டைக் குன்றின் மேலே ஏறிப் பார்த்தோம், கோட்டையையே காணோமே?

1706இல் பதினான்காம் லூயி மன்னரின் ஆணைப்படி அதை இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். பெயர் மட்டும் நிற்கிறது. இப்போது அங்கே மரங்கள் அடர்ந்த பூங்காவும், செயற்கை அருவி ஒன்றும், சிதைந்த சுவர்களும் இருக்கின்றன. கோட்டைக்காக அல்ல, காட்சிக்காக ஏற வேண்டிய குன்று அது. மேற்கே பார்த்தால் கடற்கரை முழு வில்லாக வளைந்து விமான நிலையம் வரை நீளும். கிழக்கே திரும்பினால் துறைமுகமும் கோர்சிகா தீவுக்குப் போகும் கப்பல்களும் தெரியும். காலையில் போனால் வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருப்பதால் கடற்கரைப் படம் தெளிவாக வரும். படிகள் இருநூறுக்கு மேல். கடலோரத்தில், பெலாந்தா கோபுரத்துக்கு அருகே கட்டணமில்லா மின்தூக்கியும் உண்டு.

நண்பகலில் பெரிய வெடிச் சத்தம் கேட்டது. என்ன அது?

பயப்பட வேண்டாம், தினமும் உண்டு. 1860களில் இங்கே குளிர்காலம் கழித்த தாமஸ் கோவென்ட்ரி என்ற ஸ்காட்லாந்துக்காரர், பேச்சுச் சுவாரசியத்தில் மதிய உணவை மறந்துவிடும் தன் மனைவிக்கு நேரத்தை நினைவூட்டக் குன்றின் மேலிருந்து பீரங்கி வெடிக்க ஏற்பாடு செய்தார் என்று சொல்வார்கள். அவர் ஊர் திரும்பிய பிறகும் மக்கள் அதை விடவில்லை. இப்போது பீரங்கிக்குப் பதில் வாணவெடி.

உலாச்சாலையில் நடப்பதைத் தவிர வேறென்ன செய்வது?

நடப்பதும் உட்காருவதும்தான், அதற்காகவே போட்ட சாலை அது. 1820களின் தொடக்கத்தில் ஒரு கடுங்குளிர்காலத்தில் வேலையின்றித் தவித்தவர்கள் ஊருக்குள் திரண்டபோது, லூயிஸ் வே என்ற ஆங்கிலேயப் பாதிரியார் நிதி திரட்டி, அவர்களைக் கொண்டே கடலோரம் ஒரு நடைபாதை போடச் செய்தார். அதனால்தான் 'ப்ரோமனாத் தே சாங்லே', அதாவது ஆங்கிலேயர் உலாச்சாலை, என்று பெயர். ஊர்க்காரர்கள் சுருக்கமாக 'ப்ரோம்' என்பார்கள். இன்று அது 7 கிலோமீட்டர் நீளம். வழியெங்கும் நீல நிற நாற்காலிகள் கடலைப் பார்த்து இருக்கும். யார் வேண்டுமானாலும் உட்காரலாம். எதிர்ப்புறத்தில் இளஞ்சிவப்புக் கும்மட்டத்தோடு நிற்பது 1913இல் திறந்த நெக்ரெஸ்கோ ஓட்டல். திறந்த மறு ஆண்டே போர் வந்து, அது மருத்துவமனையாகச் செயல்பட்டது.

2016 ஜூலை 14 இரவு, தேசிய நாள் வாணவேடிக்கை பார்த்துக் கலைந்துகொண்டிருந்த கூட்டத்தின்மேல் ஒருவன் லாரியை ஏற்றியதில் 86 பேர் இதே சாலையில் உயிரிழந்தார்கள். வானதூதர் உருவில் ஒரு நினைவுச் சின்னம் கடலோரம் நிற்கிறது. அதன் முன் படம் எடுத்துச் சிரிக்கும் பயணிகளைப் பார்க்கையில் மனம் வலிக்கும். அங்கே ஒரு நிமிடம் அமைதியாக நின்றுவிட்டுப் போங்கள்.

ஓவியம் எல்லாம் எங்களுக்குப் புரியாது. அருங்காட்சியகத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டுமா?

ஒன்றுக்காவது போங்கள், ஒன்றே ஒன்று என்றால் ஷகால் அருங்காட்சியகத்துக்கு. ஓவியர் உயிரோடு இருக்கும்போதே, 1973இல் அவருக்காகத் திறக்கப்பட்டது. விவிலியக் கதைகளை வரைந்த 17 பெரிய ஓவியங்கள் அங்கே இருக்கின்றன. வானில் மிதக்கும் மனிதர்கள், நீலத்துக்குள் ஒரு சிவப்பு ஆடு. புரிந்துகொள்ள எதுவும் தேவையில்லை, அந்த நிறங்களின் முன் ஓர் இருக்கையில் உட்கார்ந்தால் போதும். ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம்.

ஓவியர் மத்தீஸ் 1917இல் நீஸுக்கு வந்தபோது தொடக்கத்தில் விடாத மழை; மழை விட்டு வந்த ஒளிதான் அவரை 1954இல் இறக்கும் வரை இந்த ஊரோடு கட்டிப்போட்டது. அவரது அருங்காட்சியகம் சிமியே மேட்டில், ஓர் ஆலிவ் தோப்புக்குள் இருக்கிறது. பக்கத்திலேயே ரோமானியர் கால அரங்கின் இடிபாடுகளும், மடாலயத் தோட்டமும், அவர் அடக்கமான கல்லறைத் தோட்டமும் உள்ளன. விமான நிலையத்தருகே, ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கென்சோ தாங்கே வடிவமைத்து 1998இல் திறந்த ஆசியக் கலை அருங்காட்சியகமும் உண்டு. இந்தியச் சிற்பங்களையும் அங்கே காணலாம். செவ்வாய்க்கிழமைகளில் இவை மூடியிருக்கும் என்பதால், அன்றைக்குச் சந்தையை வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல். அவர்களால் சமாளிக்க முடியுமா?

முடியும். உலாச்சாலை முழுவதும் மேடு பள்ளமில்லாத சமதளம். மசேனா சதுக்கத்தை ஒட்டிய பையோன் பூங்காவும் அப்படியே. அந்தப் பூங்காவுக்கு அடியில்தான், மேலே சொன்ன பையோன் ஆறு மூடிய கால்வாயாக ஓடுகிறது. குன்றுக்கு மின்தூக்கி இருப்பதைச் சொல்லிவிட்டேன். அவர்களுக்குச் சிரமம் தருவது கற்கரைதான்: கூழாங்கற்களில் நடக்கும்போது கணுக்கால் பிசகும், தாழ உட்கார்ந்தால் எழுவது கடினம். தனியார் பகுதியில் ஒரு பொழுதுக்கு நாற்காலி எடுத்துக் கொடுங்கள், அல்லது நீல நாற்காலியில் உட்கார வையுங்கள். கடல் அங்கிருந்தே நன்றாகத் தெரியும். ஜூலை, ஆகஸ்டில் மதியம் பன்னிரண்டு முதல் நான்கு வரை அவர்களை வெளியே அழைத்துச் செல்ல வேண்டாம்.

மொனாக்கோ, ஏஸ், கான் மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாமா?

பார்க்க முடியாது, கடந்து போகத்தான் முடியும். மொனாக்கோவும் ஏஸும் கிழக்கே, கான் மேற்கே. ஒரு நாளைக்கு ஒரு திசை என்று வைத்துக்கொள்ளுங்கள். கடலை ஒட்டியே ஓடும் உள்ளூர் ரயிலில் மொனாக்கோவுக்கு அரை மணிக்குள் போய்விடலாம். எலுமிச்சைக்குப் பேர்போன மந்தோன் அதே தடத்தில் இன்னும் சற்று தூரம். போகும்போது ரயிலின் வலப் பக்கச் சன்னலில் உட்காருங்கள். மேற்கே போவதென்றால் கானைவிட ஆந்தீப்பின் பழைய மதில் நகரத்தையே நான் பரிந்துரைப்பேன்.

ஏஸ் விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. ரயில் நிற்கும் நிலையம் கடல் மட்டத்தில் இருக்கிறது. எல்லோரும் படத்தில் பார்த்த மலைக் கிராமமோ அதற்கு மேலே 400 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் நீட்ஷே பாதை செங்குத்தான கல் பாதை, ஏற ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். இதை விசாரிக்காமல் என் மாமாவை ரயிலில் அழைத்துப் போய், வெயிலில் பாதி தூரம் ஏற்றிவிட்டு, தண்ணீர் தீர்ந்து திரும்ப இறங்கினோம். நீஸிலிருந்தே பேருந்து நேராகக் கிராமத்தின் அடிவாசலுக்குப் போகிறது. அதில் போங்கள், விருப்பமும் நல்ல காலணியும் இருந்தால் இறங்கும்போது மட்டும் பாதையில் நடங்கள்.

மொனாக்கோ தனி நாடாயிற்றே, வேறு விசா வேண்டாமா?

வேண்டாம். பிரான்ஸிலிருந்து நுழையும்போது எல்லைச் சோதனை எதுவும் இல்லை. இத்தாலியின் வென்டிமிலியாவும் ஷெங்கன் பகுதிதான். வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போய் வரலாம். ஆனால் அந்தத் தடத்து ரயில்களில் காவலர்கள் ஆவணம் கேட்பது வழக்கம் என்பதால், நகலை நம்பாமல் கடவுச்சீட்டையே எடுத்துச் செல்லுங்கள்.

செலவை எப்படிக் குறைப்பது?

கடல், உலாச்சாலை, குன்று, பழைய நகரம், சந்தை என்று மேலே சொன்னவற்றில் பாதிக்குக் கட்டணமே இல்லை. உணவகத்தில் உட்கார்ந்தவுடன் 'ஊன் கராஃப் தோ' என்று கேளுங்கள். குழாய் நீரை ஒரு குடுவையில் இலவசமாகக் கொண்டுவந்து வைப்பார்கள், நல்ல தண்ணீர்தான். வெறுமனே தண்ணீர் என்று கேட்டால் பாட்டில் வந்து கணக்கில் ஏறும். மதிய நேரத்தின் 'அன்றைய உணவு' இரவு விலையைவிடக் குறைவு. சேவைக் கட்டணம் விலையிலேயே அடங்கியிருப்பதால் தனியாக எதுவும் கொடுக்க வேண்டியதில்லை.

பிரெஞ்சு ஒரு வார்த்தை தெரியாது. மரியாதைக் குறைவாக நடத்துவார்களா?

'போன்ழூர்' என்ற ஒரு சொல்லோடு தொடங்குங்கள். கடைக்குள் நுழையும்போது, பேருந்தில் ஏறும்போது, வழி கேட்கும் முன், எப்போதும் அதுதான் முதலில். அதைச் சொல்லாமல் நேராக ஆங்கிலத்தில் கேள்வியைப் போடுவது அவர்களுக்கு, வீட்டுக்குள் வந்தவர் முகம் பாராமல் சமையலறைக்குள் நுழைவதைப் போன்றது. அந்தச் சொல்லுக்குப் பிறகு ஆங்கிலத்தில் பேசினால் உதவாதவர்களை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

திருட்டுப் பயம் உண்டா?

இரவில் உலாச்சாலையில் பெண்கள் தனியாக நடப்பதைத் தினமும் பார்த்திருக்கிறேன். ஆனால் நெரிசலான டிராமிலும், ரயில் நிலையத்திலும், சந்தையிலும் பைக்குள் கையை விட்டுத் திருடுபவர்கள் இருக்கிறார்கள். பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். கடலில் இறங்கும்போது கைபேசியைத் துண்டுக்கடியில் விட்டுச் செல்லாமல், ஒருவர் கரையில் இருங்கள். அவசர உதவிக்கு எண் 112.

இரண்டு விமானங்களுக்கு நடுவே ஆறு மணி நேரம்தான் இருக்கிறது. வெளியே போய் வரலாமா?

விசா இருந்து, பெரிய பெட்டிகள் கையில் இல்லையென்றால் போகலாம். டிராமில் கரிபால்டி நிறுத்தம்; அங்கிருந்து பழைய நகரத்துக்குள் நடந்து, ஒரு தட்டு சொக்கா; கடலோரம் வந்து மின்தூக்கியில் குன்றின் உச்சி; இறங்கி உலாச்சாலையில் அரை மணி நேரம் நீல நாற்காலி; பிறகு ழான் மெத்சானில் டிராம். புறப்பாட்டுக்கு இரண்டரை மணி நேரம் முன்பே விமான நிலையத்தில் இருக்க வேண்டும் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். கடலில் குளிக்க அன்றைக்கு நேரம் இல்லை.

நினைவாக நாலு கூழாங்கற்கள் எடுத்து வரலாமா?

கூடாது. பிரெஞ்சுச் சட்டம் கரையிலிருந்து கல்லோ மணலோ எடுப்பதைத் தடை செய்கிறது, அபராதமும் உண்டு. காரணமும் நியாயமானது: ஆறுகளுக்குக் குறுக்கே கட்டுமானங்கள் வந்த பிறகு, மலையிலிருந்து கற்கள் முன்போல் வந்து சேர்வதில்லை, அலை அரித்துக்கொண்டு போவதை ஈடுசெய்ய நகராட்சியே பல ஆண்டுகளாக லாரிகளில் கற்களைக் கொண்டுவந்து கரையில் கொட்டுகிறது. குழந்தைகள் நிச்சயம் பொறுக்கிச் சட்டைப்பையை நிரப்பியிருப்பார்கள். கரையை விட்டு ஏறும் முன் பைகளைக் கவிழ்த்துப் பாருங்கள். இருப்பவற்றை அவர்கள் கையாலேயே நீரோரத்தில் போடச் சொல்லுங்கள். நினைவுக்கு வேண்டுமானால் சந்தையில் ஒரு லாவண்டர் பை வாங்கலாம். என் துணி அலமாரியில் உள்ளது மூன்று ஆண்டுகளாகியும் மணக்கிறது.